பாஸ்போர்ட் லஸ்கரும் நாலாவது சீட்டும்

தஞ்சாவூர் மாவட்டத்திலேயே ஐரோப்பாவை மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் திருச்சி விமான நிலையத்தின் வாசலைக்கூடத் தாண்டியதில்லை. பாரிஸில் எந்த ஊர் ரயில் எந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்பும், சூரிச்சில் டிராம் சீட்டை எங்கே வாங்க வேண்டும், ரோமில் எந்தச் சீட்டை மிஷினில் குத்தாமல் ஏறினால் அபராதம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் கும்பகோணம் போவதென்றால் பஸ் ஏறியதும் தூங்கிவிடுவார். கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட வேண்டும்.

ஊரில் அவருக்கு பாஸ்போர்ட் லஸ்கர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. நான் பாசன ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மாதாமாதம் சம்பளப் பட்டியலில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லஸ்கர் என்றால் ஆற்று மதகின் ஷட்டரைத் திறந்து மூடுகிற ஊழியர். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்துக் குறித்து, ஆபீசில் வந்து சொல்ல வேண்டும். என் மேசைக்கு முன்னால் நின்றபடியேதான் சொல்வார். பக்கத்தில் நாற்காலி இருக்கும். உட்காருங்கள் என்று ஒருநாளும் என் வாயில் வந்ததில்லை. இந்தக் கட்டுரையில் நான் வெட்கப்பட வேண்டியவற்றில் இது சின்னது. பெரியது பின்னால் வருகிறது.

லஸ்கர் சரி, பாஸ்போர்ட் எப்படி முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது? சிங்கப்பூரில் இருந்த அக்கா மகன் என்றோ ஒருநாள், "மாமா, பாஸ்போர்ட் எடுத்து வைங்க, டிக்கெட் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டான். இவர் மறுவாரமே எடுத்துவிட்டார். டிக்கெட் வரவில்லை. அந்தப் பாஸ்போர்ட் ஒரு முத்திரையும் விழாமல் பத்து வருஷம் வாழ்ந்து காலாவதியானது. மனிதர் அசரவில்லை, இரண்டாவது எடுத்தார். அதைப் பாலிதீன் கவரில் போட்டு எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். ரேஷன் கடையில் அடையாளம் கேட்டால் அதைத்தான் எடுத்து நீட்டுவார். கடைக்காரர் ஸ்மார்ட் கார்டைக் கேட்டால், "இதுல அசோக சக்கரமே போட்டிருக்கு, இதவிட உங்களுக்கு என்னங்க வேணும்?" என்பார்.

ரயில் பாஸ் விவகாரத்துக்குள் அவர் இறங்கியது ஓய்வு பெற்ற பிறகு. அளக்கத் தண்ணீர் இல்லாமல் கை நமநமவென்று இருந்த காலம். புது ஆற்றுப் பாலத்தருகே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். மானம்புச்சாவடியிலிருந்து ஒரு லுத்தரன் டீச்சர், ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மகள் அனுப்பிய ரயில் பாஸ் விவரங்களை அச்செடுத்துக்கொண்டு, இதில் எதை வாங்குவது என்று புரியாமல் கடை வாசலில் யாரிடமோ புலம்பியிருக்கிறார். லஸ்கர் அந்தக் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணோடு ஒட்டிவைத்து அரைமணி நேரம் படித்தார்.

"டீச்சர், இது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்லீங்க. ரெண்டு வகைதான். ஒண்ணு, ஆத்துல விடாம தண்ணி வர்ற மாதிரி. பதினஞ்சு நாளும் ஓடும். நீங்க பாய்ச்சினாலும் ஓடும், பாய்ச்சாட்டியும் ஓடும். இன்னொண்ணு முறை வெச்சு விடறது. மாசத்துல அஞ்சு நாள். எந்த அஞ்சுங்கறது உங்க இஷ்டம். உங்களுக்கு எத்தனை நாள் பாய்ச்சல்?"

"நான் பேரனைப் பாக்கப் போறேன் லஸ்கர், நடவு நடப் போகல."

"அதனாலதான் கேக்கறேன். பேரன் ஒரே ஊர்லதான இருக்கான்? அவனைக் கூட்டிக்கிட்டு வெளியூர் சுத்தறது நாலஞ்சு நாள்தான் இருக்கும். உங்களுக்கு முறைத் தண்ணியே போதும்."

மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் மூடல் என்று முறை வைத்துத்தான் எங்கள் ஆறுகளில் விடுவார்கள். வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவருக்கு ஐரோப்பிய ரயில்வே ஒரு பெரிய பாசனக் கோட்டமாகத் தெரிந்திருக்கிறது. பாஸ் என்பது ஆறு. சீட் ரிசர்வேஷன் மதகு. ஆற்றில் தண்ணீர் இருந்தாலும் மதகு திறக்காமல் வயலுக்குப் போகாது, ஆகையால் வேக ரயில்களுக்குப் பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷன் தனியாக வேண்டும். ஊருக்கு ஊர் மெட்ரோவுக்கும் டிராமுக்கும் வாங்குகிற கார்டு வயல் வாய்க்கால். "பக்கத்து ஊர் வாய்க்கால்ல உங்க வயலுக்குப் பாயுமா? பாயாது. பாரிஸ் கார்டை சூரிச்ல நீட்டாதீங்க." இதைவிடத் தெளிவாக எந்த வெப்சைட்டும் எனக்குச் சொன்னதில்லை.

டீச்சர் விஷயத்தில் ஒரு பிழை நடந்துவிட்டது. லஸ்கரைப் பொறுத்தவரை நாள் என்பது காலை ஆறு மணிக்குத்தான் பிறக்கும். அளவெடுப்பது அப்போதுதானே! அந்தக் கணக்கிலேயே டீச்சருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். டீச்சர் காலை ஐந்து மணி ரயிலில் ஏறி, இது இன்னும் நேற்றைய நாள்தான் என்று டிக்கெட் பரிசோதகரிடம் வாதாடியிருக்கிறார். பரிசோதகருக்கு மேட்டூர் தெரியாது. அபராதம் போட்டுவிட்டார்.

டீச்சர் திரும்பி வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். லஸ்கர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை டீக்கடைக்கு வந்தவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மதகு ஷட்டர் கணக்காக அகலமாக இருந்த மீசையைச் சுத்தமாக மழித்துவிட்டிருந்தார். டீச்சர் வீட்டுக்குப் போய், "என் தப்புங்க, அங்க நாள் ராத்திரி பன்னெண்டுக்குப் பொறக்குதாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்து அவரிடம் திட்டம் வாங்கிப் போனவர்கள் அபராதமில்லாமல் ஊர் திரும்பிய பிறகுதான் மீசை மறுபடி முளைக்க அனுமதி கிடைத்தது. எனக்கு மீசை இல்லை. இதைப் பின்னால் நினைத்துக்கொள்ள வேண்டிவரும்.

பிறகு ஆள் மாற்றி ஆள் வர ஆரம்பித்தார்கள். கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் வயலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கி, "இருக்கறதுலயே பெருசு எது, அதை எழுதுங்க" என்றார்.

"எந்தெந்த ஊர் போறீங்க?"

"ஊர் என்ன ஊர், மக வீடுதான். ஒரு மாசம்."

"மக வீட்ல உக்காந்திருக்கறதுக்கு எதுக்குங்க ரயில் பாஸ்?"

மண்டிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் வகுப்பில், ஒரு மாதம் விடாமல் ஓடுகிற பாஸையே வாங்கிக்கொண்டு போனார். ஒரே ஒரு தடவை, தவறான ரயிலில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்குவதற்கு அது பயன்பட்டதாம். திரும்பி வந்து லஸ்கருக்கு ஒரு சாக்குத் தேங்காய் இறக்கிவிட்டுப் போனார். டீக்கடையில் ஒரு வாரம் தேங்காய்ச் சட்னி.

இப்போது பெரிய வெட்கத்துக்கு வருகிறேன்.

நானும் என் மனைவியும், அவள் தம்பியும் அவர் மனைவியுமாக நாலு பேர் பாரிஸ், சூரிச், மிலான், வெனிஸ், ரோம் என்று போகத் தீர்மானித்தோம். மைத்துனர் ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி லாப்டாப்பைத் திறந்து, மூன்று நாள் கழித்துத் தலைவலி மாத்திரையோடு மூடினார். என் மனைவிதான் லஸ்கருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து வழக்கம்போல நின்றார். "உக்காருங்க, காபி சாப்பிடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவள்தான்.

நாற்பது பக்க நோட்டில் எங்கள் பயணத்தை எழுதினார். நாலு பேருக்கும் முறை பாஸ். அது ஆளுக்கு ஆள் பெயர் போட்டு வாங்குவது, கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். சீட்டுகளை மட்டும் முன்னாலேயே பதிவு செய்தார். எதிரெதிரே நாலு பேர் உட்காரும் மேசை சீட்டு. வெனிஸ் வந்ததும் மனிதரின் பேனா நின்றுவிட்டது.

"சார், அந்த ஊர்ல வாய்க்கால்லயே பஸ் போகுது. படகுதான் அங்க பஸ்சு, அந்த போட்டுக்குத்தான் கார்டு வாங்கணும். அதுகூடப் பெருசில்ல. கடல்லயே ஷட்டர் வெச்சிருக்காங்க சார்! கடல் பொங்குச்சுன்னா ஷட்டர் எந்திரிச்சு நிக்குமாம். பொங்காதப்ப அடியில படுத்துக்குமாம். நான் முப்பத்தஞ்சு வருஷம் ஷட்டர் ஏத்தி எறக்கினவன். கடலை எவன் சார் மூடுவான்?"

அவர் முகத்தில் அன்று இருந்ததை நான் பார்க்கத்தான் செய்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கிளம்ப இரண்டரை மாதம் இருந்தபோது மைத்துனர் மகளுக்குப் பிரசவ தேதி குறித்துக் கொடுத்தார்கள். சரியாக எங்கள் பயணத் தேதி. மைத்துனரின் மனைவி வரவில்லை என்று சொல்லிவிட்டார். நாலாவது இடம் காலி. செய்தி டீக்கடைக்குப் போயிருக்க வேண்டும். மூன்றாம் நாள் லஸ்கர் இஸ்திரி போட்ட சட்டையோடு என் வீட்டு வாசலில் நின்றார். சட்டைப் பையிலிருந்த பாலிதீன் கவரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சார், செலவு என்னோடது. ஓய்வுப் பணம் அப்படியே கிடக்கு. விசாவுக்கும் நாள் இருக்கு. உங்க பெட்டியெல்லாம் நானே தூக்கிக்கறேன். வெனிஸ் வரைக்கும்... நான் வரட்டுங்களா?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். என் மனைவி, "என்னங்க யோசனை? வழி தெரிஞ்ச ஆளு அவர் ஒருத்தர்தான். கூட்டிட்டுப் போங்க" என்றாள். மைத்துனர் போனில் பதறினார்.

"அத்தான், நம்மகூட லஸ்கரா? ஓட்டல்ல ஒரே மேஜைல உக்காந்து சாப்பிடணும். நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

பாரிஸில் எங்களை எந்த நாலு பேர் பார்க்கப் போகிறார்கள்? அந்த நாலு பேரும் தஞ்சாவூரில்தான் இருக்கிறார்கள். ஆனால் பழியை மைத்துனர் தலையில் போட மாட்டேன். அவர் சொன்னதை நான் அவருக்கு முன்னாலேயே நினைத்துவிட்டேன். என் மேசை முன் நின்ற மனிதர் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து வருவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. மறுநாள் டீக்கடைக்கே போய்ச் சொன்னேன்.

"அடடா, கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா லஸ்கர்? அந்த நாலாவது சீட்டையெல்லாம் நேத்துதான் கேன்சல் பண்ணிட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டீ கிளாஸைப் பார்த்தார்.

"அப்படீங்களா சார். நல்லது. அப்ப நோட்டைக் குடுங்க, மூணு பேருக்கு மாத்தி எழுதித் தரேன்."

அதே நோட்டில், அதே மணியான கையெழுத்தில், இரண்டே நாளில் எழுதிக் கொடுத்தார்.

போனோம். பாரிஸில் முதல் நாளே, ஒரு மெட்ரோ கார்டை மூன்று பேரும் கைமாற்றி நீட்டிப் போகலாம் என்று மைத்துனர் கண்டுபிடித்தார். ஒரு பெண் பரிசோதகர் பிடித்தார். மைத்துனர் பாங்க் ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் வாதாடினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அபராத ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். என் மனைவி நோட்டைப் பிரித்து உரக்க வாசித்தாள்: "கார்டு ஆளுக்கு ஒண்ணு. ஒரே மோட்டாரை மூணு வயலுக்கு இழுக்கற வேலை வேண்டாம்." அதற்குப் பிறகு நாங்கள் அந்த நோட்டைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சூரிச்சில் வழிமாறி நின்றபோது மைத்துனரே, "லஸ்கர் என்ன சொல்றார், பாருங்க அத்தான்" என்றார்.

மிலானிலிருந்து வெனிஸ் போகும் ரயிலில் ஏறினோம். எங்கள் மேசையில் நாலு சீட்டு. நாங்கள் மூன்று பேர். சன்னலோர சீட்டில் மைத்துனர் தன் தோள்பையைத் தூக்கி வைத்தார். ரயில் கிளம்பியதும், வெனிஸில் போட் கார்டை எங்கே வாங்குவது என்று பார்க்க நோட்டைத் திறந்தேன். அந்த ரயிலின் பதிவு விவரத்துக்குக் கீழே, முதலில் எழுதியபோதே சிவப்பு மையில் அவர் போட்டிருந்த குறிப்பு: "இந்த நாலு சீட்டும் எடுத்தால் எடுத்ததுதான். ரத்து கிடையாது."

எனக்குக் காது சுட்டது. மழித்துக்கொள்ள ஒரு மீசைகூட இல்லை. எழுதியவரிடமே போய்த்தான் ரத்து செய்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் நோட்டை வாங்கி, மூன்று பேருக்கு மாற்றி எழுதினார். சன்னல் வழியாக இத்தாலியைப் பை பார்த்துக்கொண்டு வந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெனிஸில் இரண்டு போட் மாறி, அந்தக் கடல் ஷட்டர் இருக்கும் பக்கம் போனேன். ஒன்றும் தெரியவில்லை. வெறும் தண்ணீர். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் நேராக அவரிடம் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஒன்றரை மாதம் புது ஆற்றுப் பாலத்தைத் தவிர்த்துச் சுற்றுவழியில் மார்க்கெட் போனேன். அதற்குள், வெட்கங்கெட்டவன், இதே பத்திரிகையில் இதே பக்கத்தில் அந்தப் பயணத்தைக் கட்டுரையாகவும் எழுதினேன். எந்தப் பாஸ் வாங்குவது, எந்தக் கார்டு வாங்குவது என்று விளக்கியிருந்தேன். லஸ்கரைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னுடைய திட்டமிடலைப் பாராட்டி வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். அதற்கு நன்றியும் சொன்னேன்.

அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். டீக்கடைக்கென்று ஐந்து பிரதி வாங்கிப் போட்டிருக்கிறாராம்.

"அருமையா எழுதியிருக்கீங்க சார். எல்லாம் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

வந்தது வினை என்று நினைத்தேன். தன் பெயரைத்தான் சொல்லப் போகிறார், கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"அந்த மிலான் வண்டில நாலாவது சீட்ல யாரு சார் உக்காந்து வந்தா?"

"பை" என்றேன்.

"பைங்களா? சன்னல் பக்கமா?"

"ஆமா."

"பரவால்ல சார். காலியாப் போகலையே. சும்மா கடலுக்குப் போற தண்ணியப் பாத்தாதான் எனக்கு வயிறு எரியும்."

மனிதர் குத்திப் பேசவில்லை. நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"லஸ்கர், அன்னிக்கு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"ஷட்டரை மூடுன்னு ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வந்தா மூடிட்டு, மூடியாச்சுன்னு எழுதணும். ஏன் மூடறீங்கன்னு லஸ்கர் கேக்கறதில்லைங்களே சார்."

அப்போதும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க" என்றேன். முப்பது வருஷம் தாமதமாக வந்த வார்த்தை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து அந்த வெறும் தண்ணீர்ப் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"திறந்திருக்கு சார்" என்றார். "அடியில படுத்திருக்கு. தண்ணி போற போக்கைப் பாருங்க." அந்தத் தண்ணீரை விரலால் தடவினார். போட்டோ நகர்ந்து மைத்துனர் வந்துவிட்டார். மறுபடி தண்ணீருக்குக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்றைக்கே கேட்டேன், நாம் இரண்டு பேரும் போகலாமா என்று. உடனே சரி என்று சொல்லிவிட்டால் அவர் லஸ்கர் இல்லையே. ஜூனில் முடியாதாம், மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் நேரம். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிறது, இவர் இல்லாவிட்டால் தண்ணீர் வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்று நினைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், கரை உடைந்தால் யார் பார்ப்பது? கடைசியில் சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம் என்று முடிவாயிற்று. வெனிஸில் மட்டும் ஒன்பது நாள். கடல் எப்போது பொங்கி ஷட்டர் எழுந்து நிற்கும் என்று சொல்ல முடியாதாம், காத்திருக்க வேண்டுமாம்.

"அப்ப எந்தப் பாஸ் எடுக்கறது?" என்று கேட்டேன்.

என்னை அவர் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரே ஊர்ல உக்காந்திருக்கறதுக்கு எதுக்கு சார் பாஸ்? போட் கார்டு போதும், ஆளுக்கு ஒண்ணு. மிலான்லேர்ந்து போக மட்டும் ரெண்டு டிக்கெட்."

ஐரோப்பாவுக்கே பாஸ் எழுதிக் கொடுத்தவர் தனக்கென்று ஒரு பாஸ் எழுதிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரை அச்சாகும்போது அவருடைய பாஸ்போர்ட் விசாவுக்காகச் சென்னை போயிருக்கும். சட்டைப் பை காலியாக இருப்பதால் மனிதர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார் என்று டீக்கடையில் சொல்கிறார்கள். மிலான் ரயிலில் இரண்டு சீட்டு பதிவு செய்துவிட்டேன், ரத்து கிடையாது. சன்னலோரம் அவருக்கு. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.